கவிழ்க்காத சிரட்டைகள்

எங்கள் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் ரப்பர் தோட்டம். திற்பரப்புப் பக்கம் வீடு கட்டினால் ஏதாவது ஒரு பக்கத்தில் ரப்பர் நிற்காமல் இருக்காது. பால் வெட்டும் நாட்களில் மரத்துக்கு மரம் கட்டிய தேங்காய்ச் சிரட்டையில் பால் இருக்கும். மழை பிடித்து வெட்டு நின்றால் அதே சிரட்டையில் தண்ணீர் நிற்கும். டெங்குக் கொசு முட்டையிடுவது அதில்தான், வெட்டு இல்லாதபோது கவிழ்த்து வையுங்கள் என்று பஞ்சாயத்தில் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். தலைமை தாங்கியவர் அந்த ரப்பர் தோட்டத்தின் சொந்தக்காரரேதான். சுத்தம் நம் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்று மைக்கைப் பிடித்து முழங்கினார். நானும் கை தட்டினேன். இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

வீட்டுக்கு வந்த கையோடு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் வடியும் தட்டைக் கழுவினேன். தார்ப்பாயை உதறி மடித்தேன். பூந்தொட்டிகளுக்கு அடியில் இருந்த தட்டுகளைத் தூக்கி எறிந்தேன். அவருடைய தோட்டத்தில் ஒரு சிரட்டைகூடக் கவிழவில்லை. வேலியருகே நின்று பக்குவமாகத்தான் கேட்டேன்.

"அண்ணாச்சி, அந்தச் சிரட்டைகள கொஞ்சம் கவுத்தச் சொல்லுங்களேன். பிள்ளை உள்ள வீடு."

"கவுத்துனா பொறவு நிமுத்தண்டாமா மக்கா? நாளைக்கே வெயில் அடிச்சா வெட்டு உண்டு. எனக்க தோட்டத்துக் கொசு உனக்க வீட்டுக்கு வழி கேட்டா வரப்போவுது?"

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

அந்த மழையிலேயே என் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. டெங்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் ஈறில் ரத்தம் கசிந்ததைப் பஞ்சால் துடைத்தவள் நான். கணவர் மஸ்கட்டிலிருந்து போனில் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பிள்ளை பிழைத்துவிட்டாள். ஆனால் இன்னொரு முறை வந்தால் இதைவிட மோசமாகலாம், கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து ஜன்னலைத் திறந்தேன். சிரட்டைகள் நிரம்பி நின்றன. தோட்டக்காரர் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்து, "தெய்வம் காப்பாத்திச்சு மக்கா" என்றார். அவர் போனதும் அந்த ஆரஞ்சைக் குப்பையில் போட்டேன்.

அவருடைய மகள் பிரசவத்துக்கு வந்து ஆண் பிள்ளை பெற்றிருந்தாள். பிள்ளை பார்க்கப் போகும்போது சோப்பும் பவுடரும் குட்டிச் சட்டையும் கொண்டுபோவது இங்கே வழக்கம். நானும் வாங்கினேன். கூடவே, ஊறுகாய் இருந்த கண்ணாடிப் பாட்டில் ஒன்றைக் கழுவி, வேலியைத் தாண்டிப் போய் ஒரு சிரட்டைத் தண்ணீரை அதில் ஊற்றி, மூடியை இறுக்கித் திருகினேன். உள்ளே புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. பார்க்கப் பார்க்க எனக்குக் குஷியாக இருந்தது.

சட்டையைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்ட அவர் மகள், பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"அக்கா, இது என்னது?"

"உங்க அப்பாக்க மரத்துச் சிரட்டைல வளந்தது மக்கா. நாளைக்குச் சிறகு முளைச்சுப் பறக்கும். எனக்க பிள்ளைய ஆஸ்பத்திரில போட்டது இந்த இனமாக்கும்."

அவள் பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டாள். அன்று மத்தியானமே அவளை மாப்பிள்ளை வீட்டுக்குக் கூட்டிப்போகக் கார் வந்தது. "எல்லாத்தையும் கவுத்திட்டுக் கூப்பிடுங்கப்பா, அப்பம் வாறேன்" என்று அவள் வாசலில் நின்று சொன்னது என் அடுக்களைவரை கேட்டது. பேரனைக் கொஞ்சி ஆசை தீராத மனிதர் கார் போன பக்கமே பார்த்து நின்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வேலைக்கு ஆள் கிடையாது. தூறலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே மரம் மரமாகக் குனிந்தார். நான் வராந்தாவில் நாற்காலி போட்டு, பாலில்லாத கட்டன் சாயா குடித்துக்கொண்டு பார்த்தேன். அந்தச் சாயாவின் ருசி அதற்குப் பிறகு எதிலும் வாய்க்கவில்லை. வேலியருகே வந்தபோது நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இப்பம் உனக்கு சமாதானமாச்சா?"

"இல்ல அண்ணாச்சி. கடைசி வரிசைய விட்டுட்டீய."

அவர் திரும்பிக் கடைசி வரிசைக்கு நடந்தார். நான் குடையை எடுத்துக்கொண்டு வேலிவரை போனேன். கடைசிச் சிரட்டை கவிழும்வரை அங்கிருந்து நகரவில்லை.