பிடித்தம் போக மாப்பிள்ளைக்கு எவ்வளவு?

1. வாசலில் நின்ற பெண் வீட்டுக்காரர்

சம்பள நாள் என்றால் ஆலையே குஷியாக இருக்கும். சம்பளம் போடுகிற எங்களுக்கு மட்டும் அன்றைக்குத் திண்டாட்டம். எழுபதுகளின் நடுவில் கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பி ஆலையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். டைப் அடிக்கிற வேலை போக சம்பளப் பட்டியலும் என் தலையில்தான். அங்கே நான் ஒருத்திதான் பெண். அதனால் எல்லாரும் மரியாதையாகப் பேசுவார்கள், சம்பள நாளைத் தவிர.

அந்த மாதம் புது ஆட்களுக்கு முதல் சம்பளம். எல்லாரும் சுற்றுவட்டாரத்தில் நெல் பயிரிடும் வீட்டுப் பிள்ளைகள். வேலைக்கு எடுக்கும்போது மேனேஜர் "மாசம் இருநூறு" என்று சொல்லியிருந்தார். பிடித்தம் பற்றி மூச்சு விடவில்லை. முனிரத்தினம் என்ற பையன் கவரைப் பிரித்து எண்ணினான். சந்தேகப்பட்டு மறுபடியும் எண்ணினான். நூற்று அறுபத்தைந்துதான் இருந்தது.

"அக்கா, எங்க மாமா கேட்டாண்ட நிக்கிறாரு. இத்த எப்படி அவருக்குக் காட்றது?"

அவர் இன்னும் மாமனார் ஆகவில்லை. பெயர் கோதண்டம், ஆரம்பாக்கத்தில் நிலம் வைத்திருப்பவர். அவர் மகளைத்தான் இவனுக்குப் பேசியிருந்தார்கள். பெண் வீட்டார் ஆலை வாசலுக்கே வந்து சம்பளம் விசாரிப்பது அப்போது சகஜம். இவர் ஒரு படி மேலே போய், முதல் கவரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தாம்பூலம் மாற்றுவேன் என்று சொல்லிவிட்டார். வாட்ச்மேன் தடுத்தும் நிற்காமல் நேரே கவுன்ட்டருக்கே வந்தார்.

"இன்னாம்மா இது? இருநூறுன்னு சொல்லிக்கினுதான் பொண்ணு கேட்டாங்க. நூத்தி அறுபத்தஞ்சுதான் கீது."

"பிடித்தம் போக அவ்வளவுதாங்க வரும்," என்றேன்.

அதுதான் வினையாயிற்று. அவர் ஊரில் கூலியைப் பிடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்: ஆள் வேலைக்கு மட்டம் போட்டிருப்பான், இல்லையென்றால் எதையாவது உடைத்திருப்பான்.

"அப்போ இவன் இன்னாவோ தப்பு பண்ணிகிறான். முப்பத்தஞ்சு ரூபா புடிக்கிற அளவுக்குத் தப்பு பண்ணவனுக்கு நான் எப்படிம்மா பொண்ணு குடுக்கறது?"

முனிரத்தினம் முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு நாள் கூட லீவு போடாத பையன் அவன். நான் பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று விளக்கப் போனேன். "இங்கிலீஷ்ல பேசி ஏமாத்தாதம்மா" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், நல்லவேளையாக வரதாச்சாரி சார் எழுந்து வந்தார்.

2. சட்டைப்பையில் இருந்த சிலிப்

சார்தான் எங்கள் அக்கவுண்ட்ஸ் ஆபீசர். திருவள்ளூரில் கோயில் கைங்கரியக் குடும்பம், நெற்றியில் பளிச்சென்று நாமம். அண்ணன்மார் பெருமாளைப் பார்த்துக்கொண்டார்கள், இவர் எங்களைப் பார்த்துக்கொண்டார்.

"முதல்ல உக்காருங்கோ, வெயில்ல வந்திருக்கேள்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு தன் சட்டைப்பையிலிருந்து தன்னுடைய சம்பள சிலிப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆபீசர் சம்பளம் அங்கே பரம ரகசியம். அதைத் தனித்தாளில் அடித்து, கவரை ஒட்டித்தான் கொடுப்பேன்.

"மேல இருக்கறது என் சம்பளம். கீழ இருக்கறது நான் ஆத்துக்கு எடுத்துண்டு போறது."

கோதண்டம் விரலை வைத்துப் பார்த்தார். மேலே தொள்ளாயிரம், கீழே அறுநூற்றுப் பதிமூன்று. சாரின் முகத்தையும் நாமத்தையும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"இம்மாம் புடிச்சிகிறாங்களே. நீங்க இன்னா தப்பு பண்ணீங்க சாமி?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சார் சிரிக்கவில்லை.

"தப்பு பண்ணலை, சம்பளம் வாங்கறேன். இது வருமான வரி, சர்க்காருக்கு. ஒரு அளவுக்கு மேல சம்பாதிச்சா மாசாமாசம் இங்கேயே எடுத்துடுவா. மாப்பிள்ளைக்கு இன்னும் அந்த யோகம் வரலை. இது இன்ஷூரன்ஸ். இது என் பொண்ணு கல்யாணத்துக்கு சொசைட்டில வாங்கின கடன்."

கடைசி வரிக்குக் கோதண்டம் தலையாட்டினார். அது அவருக்குப் புரிந்த கணக்கு.

பிறகு சார் முனிரத்தினத்தின் கவரை வாங்கினார். "கேன்டீன் பன்னண்டு, அவன் சாப்பிட்டது. இ.எஸ்.ஐ. நாலு, உடம்புக்கு வந்தா வைத்தியத்துக்கு. தொழில் வரி மூணு, இது மாசாமாசம் இல்லை. பி.எஃப். பதினாறு. இது செலவே இல்லை, சேமிப்பு. இவன் பதினாறு போட்டா கம்பெனியும் பதினாறு போடணும். பின்னால வட்டியோட வரும்."

"அதுக்குள்ள இவனுக்கு ஒண்ணு ஆயிட்டா?" பையன் பக்கத்திலேயே நிற்கிறான், மனிதர் கேட்டேவிட்டார்.

"பி.எஃப். ஃபாரத்துல யார் பேர் எழுதியிருக்கானோ அவாளுக்குப் போகும். இப்போ அம்மா பேர் இருக்கு. கல்யாணம் ஆனா பொண்டாட்டி பேரை எழுதலாம்."

கோதண்டம் கவரை வாங்கி, தன் கையாலேயே முனிரத்தினத்தின் பையில் வைத்தார்.

"நைனா, வர்ற வாரம் தாம்பூலம் மாத்திக்கலாம்னு உங்க ஊட்ல சொல்லு."

3. இரண்டு வரி

மறுநாள் மேனேஜர் சாரைக் கூப்பிட்டு, "ஆபீசர் சிலிப்பை வெளியாள் கையில குடுக்கலாமா?" என்று கேட்டார். நான் ஷார்ட்ஹேண்ட் நோட்டோடு அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

"நாம சொன்னது இருநூறு, குடுத்தது நூத்தி அறுபத்தஞ்சு," என்றார் சார். "பிடித்தம்னு ஒண்ணு இருக்குன்னு சொல்லாம முழுங்கினது நாம. அதுக்கு ஒரு பையனோட கல்யாணம் நிக்கணுமா?"

மேனேஜர் என் பக்கம் திரும்பி, நோட்டைத் திறக்கச் சொன்னார். அதற்குப் பிறகு நான் அடித்த ஒவ்வொரு அப்பாயின்ட்மென்ட் ஆர்டரிலும் இரண்டு வரி இருந்தது: மொத்தச் சம்பளம், கைக்கு வருவது. எத்தனையோ ஆபீசர்களிடம் வேலை பார்த்துவிட்டேன். தன் கௌரவத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து ஒரு தொழிலாளிக்காக மேசைமேல் வைத்தவர் அவர் ஒருவர்தான்.

புதிதாக வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வதும் அந்த இரண்டு வரிக் கணக்கைத்தான். மாதாமாதம் கட்டாயம் பிடிப்பதை முதலில் கழியுங்கள். கேன்டீன், லீவு, அட்வான்ஸ் என்று மாறுவதை அடுத்துக் கழியுங்கள். மிஞ்சுவதை மட்டும் உங்கள் சம்பளம் என்று வெளியில் சொல்லுங்கள்.

கல்யாணம் முடிந்து சில மாதம் கழித்து கோதண்டம் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவரும் பெண்ணைப் பெற்றவர், எங்கள் ஆலைப் பையன் ஒருவனை விசாரிக்க வந்திருந்தார். நான் மொத்தச் சம்பளத்தைச் சொல்ல வாயெடுத்தேன்.

"அத்த உடும்மா. புடிச்சது போக இன்னா வருது, அத்த சொல்லு."

வந்தவர் முகம் மாறியது. "புடிக்கிறாங்களா? பையன் எதுனா தப்பு தண்டா..."

"சொம்மா இருய்யா. ஆபீசருக்கே புடிக்கிறாங்க," என்று அவரை அடக்கிவிட்டு, கோதண்டம் கவுன்ட்டருக்குள் தலையை நீட்டினார்.

"ஏம்மா, முனிரத்தினம் ஃபாரத்துல எம் பொண்ணு பேரு ஏறிச்சா?"

எடுத்துக் காட்டினேன். எழுத்துக் கூட்டி ஒரு தடவை படித்தார். சத்தமாக இன்னொரு தடவை படித்தார்.