அப்பாவை யார் கூட்டிக்கொண்டு போவது

ஆக்லாந்திலிருந்து இத்தாலிக்கு முப்பது மணித்தியாலத்துக்கு மேல். பக்கத்து இருக்கையில் எண்பத்திரண்டு வயது அப்பா. அரை மணிக்கு ஒருக்கா "வந்திட்டமோ?" என்று கேட்டார். துபாய் விமான நிலையக் கழிப்பறையில் அவருக்குக் காற்சட்டை மாற்றிவிட்டபோதே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

லண்டனில் இருக்கும் அண்ணாதான் அந்த வீட்டை எடுத்திருந்தான். மலைச்சரிவில் பழைய கல்வீடு, சுற்றிலும் ஒலிவ் மரங்கள். டொரோண்டோவிலிருந்து தங்கச்சியும் வந்திருந்தாள். ஒன்பது வருசத்துக்குப் பிறகு எல்லோரும் ஒரே வீட்டில். நான் ஒலிவ் மரம் பார்க்கப் போகவில்லை. திரும்பும்போது இந்த இரண்டு பேரில் ஒருவர் ஆறு மாதத்துக்காவது அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்காகத்தான் போனேன்.

அப்பாவுக்கு மறதி முற்றிவிட்டது என்று ஃபோனில் எத்தனை தரம் சொல்லியும் அவர்கள் நம்பவில்லை. அந்தப் பிழை என்னுடையது. ஒவ்வொரு ஞாயிறும் வீடியோ அழைப்புக்கு முன்னால் நான் அப்பாவுக்குச் சவரம் செய்து, விபூதி பூசி, தோய்த்த சேர்ட் போட்டு உட்கார வைப்பேன். பேரப்பிள்ளைகளின் பெயர்களைப் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொல்லிக் கொடுப்பேன். அப்பாவைக் குறையாகக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. ஐந்து வருசமாக அவர்கள் பார்த்தது அந்த அப்பாவைத்தான்.

ஆட்களைக் கண்டதும் அவருக்கும் உசார் வந்துவிட்டது. மேசையில் பழைய பகிடிகளை எடுத்துவிட்டார்.

"நீ சொன்ன மாதிரி ஒண்டுமில்லையே. நல்லாத்தானே கதைக்கிறார்," என்றான் அண்ணா.

"அக்கா எல்லாத்தையும் பெரிசாக்குவா. சின்னனிலயே அப்பிடித்தானே," என்று தங்கச்சி சிரித்தாள்.

அன்று விடிய, அவர்கள் எழும்ப முதலே அப்பாவின் படுக்கை விரிப்பைக் கழுவிக் காயப் போட்டிருந்தேன். இங்கேயும் வந்து மறைத்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

நான்காம் நாள் காலை ஒருவருக்கும் சொல்லாமல் வீட்டை விட்டு இறங்கினேன். கீழே ஊரில் ஒரு காப்பிக்கடை. ஃபோனை நிறுத்திவிட்டு மத்தியானம் வரை அங்கேயே இருந்தேன். ரசிக்கவெல்லாம் இல்லை. கதிரையில் இருந்தபடியே தூங்கிப்போனேன்.

திரும்பி வந்தபோது மெத்தை முற்றத்து மதிலில் கிடந்தது. அண்ணா தண்ணீர்க் குழாயோடு நின்றான். தங்கச்சி படியில் இருந்து அழுதுகொண்டிருந்தாள். குளிக்க வார்க்கப் போனவளை அப்பா தள்ளிவிட்டாராம். "நீ ஆர்? என்ர மகளைக் கூப்பிடு" என்று கத்தினாராம். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும், பார்த்துவிட்டார்கள், இனிச் சரி என்று நினைத்தேன்.

அண்ணா குழாயை மூடினான். "இப்ப விளங்குது. நீ இல்லாட்டி மனுசன் துலைஞ்சார். உன்னை விட்டா ஆராலையும் ஏலாது."

அதைப் பாராட்டாகச் சொன்னான்.

"அப்ப நான் ஹோமில சேர்க்கப் போறன்," என்றேன்.

தங்கச்சியின் அழுகை நின்றது. "எங்கட அப்பாவை ஹோமிலயோ? சனம் என்ன சொல்லும்?"

"உன்ர அப்பாவும்தானே. கூட்டிக்கொண்டு போ. டிக்கெட்டை இப்பவே மாத்தித் தாறன்."

அவள் அண்ணாவைப் பார்த்தாள். அண்ணா மெத்தையைப் பார்த்தான். உள்ளே அப்பா தேத்தண்ணீர் கேட்டார். மூன்று பேரும் அசையவில்லை. கடைசியில் நான்தான் போனேன்.

மிச்ச மூன்று நாளும் ஒருவரும் அந்தக் கதையை எடுக்கவில்லை. படம் எடுத்தார்கள்.

ஆக்லாந்துக்குத் திரும்பி வந்த கிழமையே, த்ரீ கிங்ஸ் பகுதியில் என் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் உள்ள முதியோர் இல்லத்துக்குப் போனேன். அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். எங்கள் மூன்று பேரின் நம்பரையும் எழுதினேன். அண்ணாவின் நம்பரை முதலில் எழுதினேன்.