கயிறு அறுத்தவர்

நல்லம்பள்ளியைத் தாண்டிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். மறுவாழ்வு இல்லத்தின் தகரக் கூரை மறைந்திருந்தது. என்னை யாரும் துரத்தவில்லை. நாற்பது நாள் அங்கே குடியில்லாமல் இருந்தேன். ஒரே இடத்தில் அவ்வளவு நாள் இருந்தது அதற்கு முன் கிடையாது. சட்டைப் பையில் ஒரு வாரத்துக்கு மாத்திரை இருந்தது. ஒன்று குடிக்காமல் இருக்க. இன்னொன்று, தலைக்குள் பேசுகிறவனை அடக்க.

அந்த ஆள் முழுதாக அடங்கவில்லை. மரியாதையாகப் பேசுவான். என்னிடம் 'ங்க' போட்டுப் பேசியவன் அவன் ஒருவன்தான்.

எங்கள் பக்கத்தில் குடியை விடுகிறவன் முதலில் முனியப்பனிடம் போய்க் கயிறு கட்டிக்கொள்வான். ஆறு மாதம், ஒரு வருடம் என்று சொல்லிக் கட்டுவது. நானும் கட்டியிருந்தேன். கயிறு உள்ள கைக்கு யாரும் ஊற்றித் தரமாட்டார்கள். தாங்க முடியாமல் போனால் ஒளிந்து குடிக்கக் கூடாது. கோயிலுக்குப் போய், பூசாரி கையால் அறுத்துக்கொண்டு குடிக்க வேண்டும். அப்படிக் குடித்தால் குற்றமில்லை.

பக்கத்துக் கட்டில்காரர் கரும்பு டிராக்டர் ஓட்டியவர். பொய் சொல்ல வராத மனுசன். அக்கா பேத்திக்குக் காது குத்து என்று ஒரு நாள் லீவு கேட்டுப் போனார். போகிற வழியில் கயிற்றை முறையாக அறுத்துக்கொண்டு, ஒரே ஒரு குவாட்டர் குடித்திருக்கிறார். பந்தி முடிவதற்குள் இறந்துவிட்டார்.

குடிக்காமல் இருக்கத் தரும் அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது ஒரு வாய் குடித்தாலும் நெஞ்சை அடைக்கும், நிறுத்தினாலும் இரண்டு வாரம் உள்ளேயே இருக்கும் என்று டாக்டர் எங்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். கயிற்றை அறுக்க முறை இருக்கிறது. மாத்திரையை அறுக்க எந்த முறையும் இல்லை. டிராக்டர்காரருக்கு அது தோன்றவில்லை. மறுநாள் காலையில் அவர் கட்டிலுக்கு விரிப்பு மாற்றினார்கள். அதைப் பார்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கோயில் ரோட்டோரம்தான். முனியப்பன் காலடியில் யாரோ படைத்த சுருட்டும் மூடி திறந்த பாட்டிலும் இருந்தன. வாசனை ரோடு வரைக்கும் வந்தது.

"அறுத்துடலாம்ங்க," என்றான் உள்ளே இருந்தவன்.

பூசாரி வேப்பமரத்தடியில் படுத்திருந்தார். கயிறு கட்டிய கையை நீட்டினேன். இதெல்லாம் அவருக்குப் பழக்கம். அரிவாளை எடுத்துக்கொண்டே, இந்த வாரத்தில் நான் இரண்டாவது ஆள் என்றார்.

"நேத்து ஒரு டிராக்டர்காரர் வந்தாரு. அறுத்ததும் விழுந்து கும்பிட்டாரு. குடிகாரன்ல அப்படி ஒரு யோக்கியன நான் பாத்ததில்ல."

"அவரு செத்துட்டாருங்க."

அரிவாள் என் மணிக்கட்டுக்கு மேலேயே நின்றது.

"முறையாத்தானே அறுத்தேன்," என்றார். அதையே இன்னொரு தடவை சொன்னார்.

மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. அறுக்கவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. அரிவாளைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். நான்தான் விடுவித்துக்கொண்டு எழுந்தேன்.

பாலக்கோட்டுக்குப் போன தக்காளி வண்டி ஒன்றில் ஏறிக்கொண்டேன். விடிந்ததும் மார்க்கெட் குழாயடியில் அன்றைய மாத்திரைகளை விழுங்கினேன். அன்றிலிருந்து மறுபடி இரண்டு வாரம் குடிக்க முடியாது. பிறகு வேலை கேட்டுப் போனேன்.

சுமை தூக்குகிறவர்கள் முதல் தக்காளி கிரேட்டைத் தொடுவதற்கு முன் ஆளுக்கு ஒரு மடக்கு குடிப்பார்கள். டம்ளர் வரிசையாக வந்தது. என் முறை வந்ததும் ஒருவன் கயிற்றைப் பார்த்துவிட்டான்.

"அண்ணனுக்கு ஊத்தாதடா, முனியப்பன் கயிறு," என்றான். அப்புறம் நல்ல மனதோடுதான் சொன்னான்: "இங்க வெறும் வயித்துல பாரம் தூக்க முடியாதுண்ணே. போயி அறுத்துக்கிட்டு வா. எடம் புடிச்சி வெக்கறேன்."

நான் எதிர்ப்பக்கம் போனேன். அங்கே பெண்கள் அழுகல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கூலி பாதிதான், டம்ளர் கிடையாது. ஒரு அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தக் கை நடுங்கற நடுக்கத்துக்கு நல்ல பழமும் நசுங்கிடும். சரி, உக்காரு," என்றார்.

பின்னாலிருந்து எவனோ எனக்குச் சேலை எடுத்துத் தருவதாகக் கத்தினான். பெண்கள் சிரித்தார்கள். உட்கார்ந்தேன். கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, அமுங்குவதைத் தனியே போட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"மத்தியானமும் கோயில்ல பூசாரி இருப்பாருங்க," என்றான் உள்ளே இருந்தவன்.

நான் அடுத்த பழத்தை எடுத்து அழுத்தினேன்.