டபுள் அக்காவின் ‘எல்லா’

எங்கள் அலுவலகத்தில் டபுள் அக்கா என்றால்தான் தெரியும். வீட்டுப் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார், லிஃப்ட் பட்டனை இரண்டு தடவை அழுத்துவார். “கல்யாணத்துக்கு சம்மதம்கூட ரெண்டு தடவை சொன்னா. முதல் தடவை எனக்குக் காது கேட்டுச்சோ இல்லையோன்னு சந்தேகம்” என்று அவர் வீட்டுக்காரரே ஒருமுறை எங்களிடம் சொன்னார்.

நாங்கள் செய்வது, ஆள் கை படாமல் தானே பிரௌசரைத் திறந்து பட்டன்களை அழுத்தும் ஒரு கருவி. அது எப்படி வேலை செய்கிறது என்று எழுதி வைப்பது அக்காவின் வேலை. அதில் ஒரு கட்டளை உண்டு; வலைப்பக்கம் சர்வருக்கு என்னென்ன கோரிக்கை அனுப்பியது என்று பட்டியல் போட்டுக் கொடுக்கும். அதைப் பற்றி அக்கா எழுதிய வரி: ‘பக்கம் திறந்ததிலிருந்து அனுப்பப்பட்ட எல்லாக் கோரிக்கைகளையும் தரும்.’ தானே ஓட்டிப் பார்க்காத எதையும் அவர் எழுதியதில்லை. பதினோரு வருஷத்தில் ஒரு வரிக்குக்கூடத் திருத்தம் வந்ததில்லை. நியாயமான கர்வம்தான், ஆனால் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதைத் தினமும் கேட்க எனக்கல்லவா பொறுமை வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை வம்பு வந்தது. ஒரு பள்ளிக்கு நாங்கள் செய்து கொடுத்த விண்ணப்பப் பக்கம் முதல் நாளே காலை முழுவதும் வந்த விண்ணப்பங்களை விழுங்கிவிட்டது. அதைச் சோதித்து ‘சரி’ போட்டவர் எங்கள் டெஸ்டர். ஐம்பதைத் தாண்டிய நிதானஸ்தர், அதனால் ஆமை அண்ணன். மேனேஜர் அவருடைய அறிக்கையைத் திறந்தார். அண்ணன் எங்கள் கருவியை ஓட்டி எடுத்த பட்டியல் அதில் இருந்தது. ‘கோரிக்கைகள் எதுவும் இல்லை’ என்பதுதான் அந்தப் பட்டியல்; ‘சேமி’ பட்டன் அனுப்ப வேண்டிய கோரிக்கைகூட இல்லை. ஆக, பட்டனை அழுத்தாமலே அழுத்தியதாக எழுதிவிட்டார் என்று முடிவுகட்டினார்கள். மூன்று மணிக்குக் கூட்டம். அதில் அண்ணனுடைய வேலை போகப்போகிறது என்று காபி மெஷின் வரைக்கும் பேச்சு பரவியிருந்தது.

அண்ணன் எங்கள் மேஜைக்கு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“நான் அழுத்தினேன்மா. சேமிச்சாச்சுன்னு பச்சை எழுத்து வந்துச்சு. அதுக்கப்புறம் யாரு என்னத்த மாத்தினாங்களோ.”

“அழுத்தியிருந்தா பட்டியல்ல இருக்கும்ணா,” என்றார் அக்கா. “எல்லாம்னா எல்லாம்தான்.”

அண்ணன் திரும்பிப் போனார். எனக்கு அக்கா மேல் கோபம் கோபமாக வந்தது. ஐந்து நிமிஷத்தில் மேனேஜர் போன் செய்தார். “மூணு மணிக்கு நீங்களும் வாங்க. அந்த வரி சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்.”

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுமுன் அக்காவுக்கு இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாக வேண்டும். இரண்டரை மணிக்குப் புதிதாக பிரௌசரைத் திறந்து, தான் எப்போதும் ஓட்டிப் பார்க்கும் மாதிரிப் பக்கத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, ‘சேமி’யை அழுத்தி, கட்டளையை ஓட்டினார். ‘கோரிக்கைகள் எதுவும் இல்லை’ என்று வந்தது. பழக்கதோஷத்தில் கை மறுபடியும் போனது. இன்னொரு தடவை நிரப்பி, அழுத்தி, ஓட்டினார். இப்போது ‘சேமி’ அனுப்பிய கோரிக்கை பட்டியலில் இருந்தது.

அக்கா சூடு பட்டவர்போல விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். எனக்கும் புரிந்தது. அந்தக் கட்டளையை முதல் தடவை ஓட்டிய பிறகுதான் கருவி காது கொடுக்கவே ஆரம்பிக்கிறது. அதற்கு முன் நடந்தது அதற்குத் தெரியாது. அக்காவோ எப்போதும் முதல் தடவை சும்மா ஓட்டுவார், இரண்டாம் தடவை வருவதைப் பார்த்து எழுதுவார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த யானை இரண்டு தடவை மிதித்துப் பார்த்ததால்தான் சறுக்கியது.

“அண்ணன் ஒரே தடவைதான் ஓட்டியிருக்காரு,” என்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

அக்காவைத் தலைமை எழுத்தாளராக்கும் உத்தரவு மேனேஜரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது எனக்குத் தெரியும். “கூட்டத்துல சொல்லித்தான் ஆகணுமாக்கா? அப்புறமா அமைதியா திருத்திடலாமே,” என்றேன். அப்படிக் கேட்டதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

“சும்மா இரு,” என்றார். அதை ஒரு தடவைதான் சொன்னார்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன். “இந்த வரி சரிதானே?” என்று மேனேஜர் கேட்டார். அண்ணன் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தப்பு சார். எழுதினது நான்.”

எல்லார் முன்னாலும் ஓட்டிக் காட்டினார். பிறகுதான் சோதனை சர்வரைத் திறந்து பார்த்தார்கள். அண்ணன் சொன்ன தேதியில், சொன்ன நேரத்தில், அவர் நிரப்பிய விண்ணப்பம் அங்கே பத்திரமாக இருந்தது. அதுவரை ஒருவருக்கும் அதைத் திறக்கத் தோன்றவில்லை. அக்கா எழுதிய ‘எல்லா’வே போதும் என்று இருந்துவிட்டார்கள்.

“ரெண்டு வருஷமா இது வெளியில இருக்கு. எத்தனை பேர் நம்பியிருப்பாங்க?” என்றார் மேனேஜர். அக்காவின் உத்தரவில் கையெழுத்து விழவில்லை.

வெளியே வந்ததும், “மன்னிச்சிருங்கண்ணா, அப்போ நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது,” என்றார் அக்கா.

அண்ணனுக்குக் கோபம் இல்லை. “அதை விடும்மா,” என்றார். “மத்தவங்க எழுதினதுன்னா நானும் ரெண்டு தடவை ஓட்டிப் பாப்பேன். நீ எழுதினதுன்னுதான் ஒரு தடவையோட விட்டேன்.”

அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மேஜைக்கு வந்து, ‘எல்லா’வை அழித்தார்.