பழக்க தோஷத்தில் வந்த ஜெபக் கூட்டம்

வீட்டுச் சாவி கையில் இருந்தும், உள்ளே போகப் பயந்து வாசலிலேயே நின்றிருக்கிறீர்களா? என் கணவர் திடீரென்று இறந்தபின் நான் அப்படித்தான் நின்றேன்.

காக்ஸ் டவுனில் எங்கள் வீடு. மகள் வேலைக்காக ஊரின் மறுகோடியில், எலெக்ட்ரானிக் சிட்டியில் தங்கிவிட்டாள். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவேன், பஸ் பிடித்து வருவேன், அவ்வளவுதான். எதற்காக வாழ்கிறேன் என்றே தெரியவில்லை. தியானம் சொல்லித்தரும் ஆப் ஒன்றை மகள் போனில் போட்டுக் கொடுத்தாள். கண்ணை மூடினால் அழுகைதான் வந்தது.

இன்னொரு வலியும் உண்டு. மாதக் கடைசி வெள்ளி என்றால் வீட்டு ஜெபம் பல வருஷமாக எங்கள் வீட்டில்தான். அவர் போனபின், எனக்குச் சிரமம் வேண்டாம் என்று சபையார் அதை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். நல்ல மனதோடு செய்ததுதான். எனக்கோ, ஆண்டவரே என் வீட்டைத் தாண்டிப் போய்விட்ட மாதிரி இருந்தது. யார் கேட்டாலும் "நல்லா இருக்கேன்" என்பேன். அவ்வளவு ரோஷம்!

போன ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில் ஒரு கடைசி வெள்ளி. "ஆண்டவரே, சமாதானம் தாரும், இல்லையென்றால் என்னை எடுத்துக்கொள்ளும்" என்று சாயங்காலம் தனியாக உட்கார்ந்து அவரோடு சண்டை போட்டேன். அந்த அளவுக்கு வெறுத்துப்போயிருந்தேன்.

காலிங் பெல் அடித்தது. சபையில் மூத்தவரான சாமுவேல் அண்ணன், அவர் மனைவி ரோஸி அக்கா, பின்னால் இன்னும் சிலர், பைபிளும் பாட்டுப் புத்தகமுமாக.

"என்ன ஸ்டெல்லா, இன்னும் பாய் விரிக்கலியா?" என்றார் அண்ணன்.

வீடு பெருக்கக்கூட இல்லை. ரோஸி அக்காவே விளக்குமாற்றைத் தேடி எடுத்தார். பாட்டு முடிந்ததும், "ஜெப விண்ணப்பம் ஏதாச்சும் இருக்காம்மா?" என்று அண்ணன் கேட்டார்.

"முடியலண்ணா. இந்த வீட்டுக்குள்ள வரவே பயமா இருக்கு" என்று உடைந்து அழுதேன். அக்கா என்னைக் கட்டிக்கொண்டார்.

அப்போது அண்ணனுக்குப் போன். அடுத்த தெரு வீட்டில் எல்லோரும் காத்திருப்பதாகப் பாஸ்டர் சொன்னார். அண்ணன் என்னைப் பார்த்தார்.

"பழக்க தோஷத்துல ஸ்டெல்லா வீட்டுக்கு வந்துட்டேன் ஐயா. என்னை நம்பி இவங்களும் பின்னாலயே வந்துட்டாங்க. நீங்க எல்லாரையும் கூட்டிட்டு இங்கயே வந்துடுங்க."

வந்தார்கள். வாசல் நிறையச் செருப்பு. அதைப் பார்த்ததும் நெஞ்சு லேசானது. ஸ்தோத்திரம் சொல்ல வாய் தானாகத் திறந்தது.

துக்கம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். பயம் போய்விட்டது. கடைசி வெள்ளி மறுபடியும் எங்கள் வீட்டில்தான். என்னைப் போல "நல்லா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பவர்களே, சண்டை போட்டாவது ஆண்டவரிடம் கேளுங்கள். பெல் அடித்தால், வீடு பெருக்கவில்லையே என்று தயங்காமல் கதவைத் திறந்துவிடுங்கள்.