மற்றும் பலர்

மட்டாஞ்சேரியில் கால்வாயோரத் தமிழர் தெருவின் கடைசி வீட்டில் இருந்த ராசப்பனிடம் ஒரு பெட்டி நிறைய கேசட்டுகள் இருந்தன. ஒன்றில்கூடப் பாட்டு கிடையாது. பாட்டுக்காக அறிவிப்பாளரைப் பொறுத்துக்கொள்வது உலக வழக்கம். ராசப்பன் அறிவிப்பாளருக்காகப் பாட்டைப் பொறுத்துக்கொண்டார்.

சிலோன் வானொலியில் நேயர்கள் விரும்பிய பாட்டைப் போடும்முன், கார்டு எழுதிக் கேட்டவர்களின் பெயர்களை ஊர் ஊராக வாசிப்பார்கள். அறிவிப்பாளர் "கேரளா" என்றதும் ராசப்பன் பதிவுப் பட்டனை அமுக்குவார். பாட்டு தொடங்கியதும் நிறுத்திவிடுவார். எழுபத்தெட்டில் குவைத்திலிருந்து மச்சினன் கொண்டுவந்த டேப் ரிக்கார்டர் அது. ரேடியோவும் அதிலேயே இருந்தது. அதற்கு வேறு வேலை தரப்படவில்லை.

சிரமம் ஒன்றுதான். அத்தனை கேசட்டிலும் ராசப்பனின் பெயர் இல்லை.

அவர் கார்டு போடாமல் இல்லை. மாதம் தவறாமல் போட்டார். கார்ப்பரேஷனில் கொசு மருந்து அடிக்கும் வேலை அவருக்கு. கால்வாய் முனையில் ஆரம்பித்து, ஒரு வீடும் விடாமல், வரிசையாக அடித்துக்கொண்டு வந்து தன் வீட்டில் முடிப்பார். கார்டையும் அப்படியே எழுதினார். முதல் வீட்டு அழகர், அடுத்த வீட்டு பாக்கியலக்ஷ்மி என்று தெரு முழுக்க வந்து, ஓரத்தில் பொடி எழுத்தில் ராசப்பன். அறிவிப்பாளருக்கோ நேரம் கிடையாது. இரண்டு பெயரை வாசித்துவிட்டு "மற்றும் பலர்" என்று முடித்துக்கொள்வார்.

"உங்க பேரை மொதல்ல எழுதினா என்ன, கை சுட்டுப்போகுமா?" என்று மனைவி பேச்சியம்மாள் கேட்பாள்.

"மருந்தடிக்க வந்தவன் அவன் வீட்டுல இருந்தா தொடங்குவான்? நாலு பேரு என்ன பறைவாங்க?"

எழுபத்தொன்பதில் இந்த ஒழுங்கு ஒரு கல்யாணத்தில் போய் முடிந்தது. "மட்டாஞ்சேரியிலிருந்து அழகர், பாக்கியலக்ஷ்மி மற்றும் பலர்" என்று வானொலி சொன்னதைச் சாயாக்கடையே கேட்டது. விரும்பிக் கேட்டது காதல் பாட்டு. அழகர் சுக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அதுவரை தண்ணீர்க் குழாய் முறை பற்றி மட்டுமே பேசியிருந்தான், அதுவும் சண்டையாக. பெண்ணின் அப்பா அரிவாளோடு வந்தார். ராசப்பன் உண்மையைச் சொல்ல ஓடினார். கையில் சாட்சிக்குக் கேசட்டையும் கொண்டுபோனார். போட்டுக் காட்டினால், சிலோன்காரன் இரண்டு பெயரையும் பிசிறில்லாமல் சேர்த்துச் சொன்னான்.

"கேட்டுச்சா? இதுக்கு மேல என்னவே வேணும்?" என்றார் அப்பா.

கல்யாணம் நடந்தது. நன்றாகவும் அமைந்தது, அதற்கு யாரும் காரணம் தேடவில்லை. வருஷா வருஷம் கல்யாண நாளன்று இருவரும் ராசப்பன் வீட்டுக்கு வந்து, சாயா குடித்து, அந்தக் கேசட்டைக் கேட்டுவிட்டுப் போவார்கள். கல்யாண போட்டோ எடுத்தவன் பிலிம் போட மறந்திருந்ததால், அவர்களிடம் இருந்த அத்தாட்சி அது ஒன்றுதான்.

எண்பத்திரண்டில் பேச்சியம்மாள் பொறுமை இழந்தாள். அவளுக்கு மலையாளம் எழுத வரும், தமிழ் வராது. பாக்கியலக்ஷ்மியைக் கூப்பிட்டுக் கார்டு எழுதச் சொன்னாள். ஒரே பெயர்: ராசப்பன். அவரிடம் சொல்லவில்லை.

கார்டு வாசிக்கப்பட்ட அன்று, மந்திரி வருகிறார் என்று ராசப்பனைச் சுள்ளிக்கல்லுக்கு மருந்து அடிக்க அனுப்பியிருந்தார்கள். "கேரளா" என்று கேட்டதும் பேச்சியம்மாள், கணவர் செய்வதைப் பார்த்துப் பழகிய கையால், பட்டனை அமுக்கினாள். "மட்டாஞ்சேரியிலிருந்து ராசப்பன்" என்றது வானொலி. பதறி நிறுத்தினாள். பிழை ஒன்றும் இல்லை, உள்ளே எந்தக் கேசட் இருக்கிறது என்று பார்க்காததைத் தவிர. கல்யாண நாளுக்குக் கேட்டபின் முதலுக்குச் சுற்றி வைத்த கேசட் அப்படியே இருந்தது.

சாயங்காலம் ராசப்பன் மருந்து வாடையோடு வந்து உட்கார்ந்தார். பேச்சியம்மாள் பட்டனைத் தட்டினாள்.

"மட்டாஞ்சேரியிலிருந்து ராசப்பன்..." ஒரு கிளிக். "பாக்கியலக்ஷ்மி மற்றும் பலர்."

ராசப்பன் மறுபடி போடச் சொன்னார். முதல் பாதியைக் கேட்டபோது முகம் மலர்ந்தது. இரண்டாம் பாதியில் மூடிக்கொண்டது. மூன்றாம் முறை போடும்போது சத்தம் சாயாக்கடை வரைக்கும் போயிருந்தது. வாசலில் அழகர் நின்றான், பின்னால் பாக்கியலக்ஷ்மி.

"ராசப்பண்ணே, என் பேரு எங்க?"

பேச்சியம்மாள் டேப்பை நிறுத்தினாள்.

"என் பேரு பத்திரமா இருக்கு," என்றாள் பாக்கியலக்ஷ்மி. "இவரு பேருதான் காணோம்."

"நீதானடி அந்தக் கார்டை எழுதினது?"

"எழுதச் சொன்னாங்க, எழுதினேன். உங்க மேல ஏத்தவா சொன்னேன்?"

அழகருக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் அம்மா மூக்கம்மாள் மறுநாள் காலை கம்பம் ஊரிலிருந்து வருகிறாள். கல்யாணத்தின்போது காய்ச்சலில் படுத்துக் கிடந்தவள். அந்தக் கேசட்டைக் கேட்கவே வருகிறாள்.

"அம்மா வந்து கேட்டா, மருமக யாரு பெண்டாட்டின்னு கேப்பாங்க. அழிச்சுடுங்கண்ணே."

"அவரு பேரு வந்தது இந்த ஒரு தடவைதான், அழகரு," என்றாள் பேச்சியம்மாள். "வேற மிஷின் கொண்டாந்து காப்பி எடுத்துட்டு அழிக்கலாமே."

"காலையில அம்மா வந்துருவாங்க, சேச்சி. அதுக்குள்ள மிஷினுக்கு எங்க போறது? இப்பவே சாயாக்கடையில சிரிக்கிறானுக."

ராசப்பன் இன்னொரு தரம் கேட்டார். பிறகு, கிளிக் சத்தம் எங்கே வருகிறது என்பதற்காக மட்டும் கேட்பதுபோல், இன்னொரு தரம். தொழிலில் கவனமான மனிதர்.

"அழிச்சா போதாது," என்றார். "வெறுமையா விட்டா பாக்கியலக்ஷ்மி தனியா நிப்பா. அழகரு, இங்க வா. இந்த மைக் ஓட்டையில வாயை வச்சு, நான் கை காட்டும்போது சொல்லு. சுக்கு மூட்டைக்குக் கத்துற மாதிரி கத்தாதே."

அழகர் கத்தினான். ராசப்பன் சரியான இடத்தில் நிறுத்தினார்.

மறுநாள் மூக்கம்மாள் நடு வீட்டில் உட்கார்ந்து கேட்டாள். கிடங்குக் குரலில் "மட்டாஞ்சேரியிலிருந்து அழகர்", அதைத் தொடர்ந்து பதமான சிலோன் குரலில் "பாக்கியலக்ஷ்மி மற்றும் பலர்". அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எம்மவன் ரேடியோவுலயே பேசியிருக்கான், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

அழகர் முற்றத்தைப் பார்த்தான்.

கேட்டு முடித்ததும் அவளுக்கு மரியாதை நினைவு வந்தது. "இம்புட்டும் புடிச்சு வச்சிருக்கீக. உங்க பேரு இதுல வரலியா, தம்பி?"

"வருதே," என்றார் ராசப்பன். "கடைசியில மற்றும் பலர்னு சொல்றான்ல, அதுல."

மூக்கம்மாள் திரும்பப் போடச் சொன்னாள். காதைக் கிட்டே வைத்து, கடைசி இரண்டு சொல்லையும் கவனமாகக் கேட்டாள்.

"ஆமா," என்றாள். "தெளிவாத்தான் சொல்றான்."