ஒரே காளை

பக்கத்து வீட்டுத் தனபாலின் புங்கனூர் பசு காலையிலிருந்து காளைக்குக் கத்துகிறது. அதே இனத்து உறைவிந்து வேண்டுமென்றால் யாரிடம் கேட்க வேண்டும், அவர் யாருக்கு அனுப்புவார், அந்த மனு எந்த மேசையில் தூங்கும் என்பதெல்லாம் கால்நடைத் துறையில் ஓய்வுபெற்ற எனக்குத் தெரியும். அனுமதி வரும்வரை பசுவின் பருவம் காத்திருக்காது என்பதும் தெரியும்.

சிறுவயதில் எங்கள் ஆரணித் தெருவிலும் இதே கத்தல்தான். இடுப்புயரமே உள்ள புங்கனூர் பசுக்கள் வீட்டுக்கு வீடு நின்றன. அவற்றுக்கெல்லாம் எங்கள் வீட்டுக் காளை ஒன்றுதான். விடிந்ததும் தெரு நீளத்துக்கு நெசவுக்கான பட்டுப் பாவு நீட்டி, ஈரப்பட்டின் வாடையோடு இழை பிரிப்பார்கள். ஒருநாள் பசுவைத் துரத்திய காளை அதற்குள் புகுந்துவிட்டது. அரக்குச் சிவப்பு இழைகள் கொம்பில் அறுந்து தொங்கின.

"உன் மாப்பிள்ளைக்குப் பட்டு கேக்குதாய்யா? ஜல்தியா காயடிச்சிடு!" என்று பாவின் சொந்தக்காரர் அப்பாவிடம் கத்தினார்.

"கோவிச்சுக்காதீங்க மாமா, இன்னைக்கே பண்ணிடறேன்" என்றார் அப்பா.

தெருவே தலையாட்டியது. வேறு காளை இல்லை என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுத்த பருவத்தில் பசு கத்தியபோது, காளை போய் அதன் கழுத்தை நக்கிவிட்டு வைக்கோல் தின்னத் திரும்பியது.

இப்போது தனபால் வேலியோரம் வந்து நிற்கிறார். "கத்திகினே இருக்குது சார். ஜெர்சி ஊசியாவது போட்டுடலாமா?"

"கன்னு பெருசா வளந்துடும். குட்டை மாடு, ஈன முடியாம செத்துடும்."

"அப்ப என்னதாங்க பண்றது?"

"நிழல்ல கட்டித் தண்ணி காட்டுங்க" என்கிறேன்.